எல்லை ஊர்க் கைபேசிக்கு எந்த ஊர்ச் செய்தி?

சாந்திபுரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். விடிந்ததும் அண்ணன் கைபேசியில் வந்து விழும் முதல் அறிவிப்பு தெலுங்கில் இருக்கிறது. சித்தூர் கலெக்டர் ஏதோ கூட்டம் போட்டிருக்கிறார். தம்பி கைபேசியில் தமிழ். கிருஷ்ணகிரி பக்கம் லாரி கவிழ்ந்திருக்கிறது. கல்லூரி போகும் பெண்ணின் கைபேசியில் பெங்களூரு மழை. மூவரும் இருப்பது ஒரே கூரையின் கீழ். ஆனால் தங்கள் ஊர் ஏரிக்கரை என்ன ஆயிற்று, பால் கொள்முதல் விலை ஏறியதா இறங்கியதா என்ற செய்தி மூவரில் ஒருவருக்கும் வரவில்லை. உலகத்தையே உள்ளங்கையில் கொண்டுவந்து வைக்கிற கருவி, உள்ளூரை மட்டும் எப்படி விட்டுவிடுகிறது?

சாந்திபுரம் இருக்கும் இடம் அப்படி. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம் தென்மேற்கே ஒரு விரலை நீட்டியதுபோல் கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே புகுந்திருக்கிறது; அந்த முனையில் உள்ள குப்பம் சட்டமன்றத் தொகுதியின் மண்டலங்களில் ஒன்று சாந்திபுரம். (தாலுகாக்களை உடைத்து மண்டலங்களாக்கியது 1985-இல், என்.டி.ராமராவ் ஆட்சியில்.) மாவட்டத் தலைநகரான சித்தூரைவிடக் கோலார் தங்கவயல் பக்கம். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, பெங்களூரு ரயிலில் கன்னடம் என்று ஒரே ஆள் மாறி மாறிப் பேசுவதை இங்கே யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. நான்கு தென்மாநிலங்களுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகத்தைக் குப்பத்தில் தொடங்கியதற்கும் இந்த மண்ணின் கலப்பே காரணம்.

இந்த மாதிரி ஊருக்குச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை அச்சு இதழ்கள் ஒரு வழியில் தீர்த்து வைத்திருந்தன. 1974-இல் விசாகப்பட்டினத்தில் தொடங்கிய ஈநாடு 1982-இல் திருப்பதியிலும் அச்சாகத் தொடங்கியது. 1980களின் இறுதியில் மாவட்டத்துக்கு ஒன்றாகச் சிறிய அளவுத் தாளில் உள்ளூர் இணைப்பு போட்டது. மற்ற தெலுங்கு இதழ்களும் அந்த வழியில் வந்தன. 2008-இல் சாக்‌ஷி ஒரே நாளில் 23 பதிப்புகளோடு இறங்கியது. மண்டலத்துக்கு ஒரு விலேகரி, அதாவது பகுதிநேரச் செய்தியாளர். பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது; வேறு தொழில் பார்த்துக்கொண்டே செய்தி அனுப்புவார், விளம்பரம் பிடித்துத் தருவதும் அவர் தலையில்தான் விழும். இந்திய மொழி இதழ்களைப் பற்றி 2000-இல் ஒரு முழு நூல் எழுதிய ராபின் ஜெஃப்ரி, ஈநாட்டின் வளர்ச்சிக்கு இந்த உள்ளூர் ஏற்பாட்டை முக்கியக் காரணமாகக் காட்டுகிறார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாவட்ட இணைப்பில் உள்ளூருக்கென்று இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தது. ராத்திரி பக்கம் மூடும் நேரத்தில் அந்த இடத்தை எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டும். சாந்திபுரத்துப் போர்வெல் செய்தியைப் படிக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாரும் எண்ணவில்லை, எண்ணவும் முடியாது. கைபேசித் திரையில் அப்படி ஒதுக்கிய இடம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு முறை விரலால் தள்ளும்போதும் ஒவ்வொரு இடத்துக்கும் ஆயிரக்கணக்கான செய்திகள் போட்டி போடுகின்றன. அந்தப் போட்டிக்கு நடுவராக இருக்கிற நிரலைத்தான் பரிந்துரைப் பொறி என்கிறோம்.

தமிழ் இதழ்களைப் பொறுத்தவரை சாந்திபுரம் அச்சுக் காலத்திலேயே விளிம்பில்தான் இருந்தது. பக்கத்தில் வேலூர்ப் பதிப்புகள் உண்டு. ஆனால் ஆந்திரச் செய்தி என்றால் அவற்றில் முதலில் கண்ணில் படுவது திருமலைதான்: தரிசனத்துக்கு எத்தனை மணி நேரம், உண்டியலில் எவ்வளவு.

கைபேசிக்கு முன்பே கணினி இந்தப் பக்கம் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2002-இல் ஹெச்.பி. நிறுவனம் ஆந்திர அரசோடு சேர்ந்து குப்பத்தில் ‘ஐ-கம்யூனிட்டி’ என்ற மூன்றாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஊர்களில் தகவல் மையங்கள் திறந்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் சிலருக்கு டிஜிட்டல் கேமராவும், சூரிய மின்சாரத்தில் ஓடும் சிறிய பிரிண்டரும் தந்து நிழற்படக்காரர்களாக்கினார்கள். அந்த மையத்துத் திரை பொதுத்திரை. ஒருவர் பார்ப்பதைப் பின்னால் நிற்பவரும் பார்க்கலாம். இன்றைய திரை ஆளுக்கொன்று. ஆளுக்கொன்று என்றால், ஆள் யார் என்று பொறிக்குத் தெரிய வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

முதல் கேள்வி, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? கைபேசிக்கு இதற்கு மூன்று வழிகள் உண்டு. துல்லியமானது செயற்கைக்கோள். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வந்து சேர்ந்த நேரங்களை ஒப்பிட்டு, நிற்கும் இடத்தைச் சில மீட்டருக்குள் கணித்துவிடும். ஆனால் செய்திச் செயலி இருப்பிடம் கேட்டால் பலரும் ‘வேண்டாம்’ என்றே அழுத்துகிறோம். அது நியாயமும்கூட.

இரண்டாவது, அலைபேசிக் கோபுரம். ஒவ்வொரு கோபுரமும் தன் அடையாள எண்ணை விடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அதில் முதல் பகுதி நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405. அடுத்த பகுதி நிறுவனத்தைக் குறிக்கும். இந்தியாவில் ஒரே நிறுவனத்துக்கும் மாநில வட்டத்துக்கு வட்டம் இது வேறு: ஏர்டெல்லுக்கு ஆந்திரத்தில் 49, கர்நாடகத்தில் 45, தமிழ்நாட்டில் 94. மாநில எல்லையைக் கோபுரத்தின் அலை மதிப்பதில்லை. மேட்டில் நின்றால் பக்கத்து மாநிலக் கோபுரம் வலுவாகக் கிடைக்கும், கைபேசியும் அதைப் பிடித்துக்கொள்ளும். எல்லை ஊர்க்காரர்களுக்கு வீட்டைவிட்டு நகராமலே ‘வெல்கம் டு கர்நாடகா’ என்று குறுஞ்செய்தி வந்த கதை இதுதான்.

மூன்றாவது, ஐபி எனப்படும் இணைய முகவரி எண். இணையத்தில் எதைத் திறந்தாலும் இந்த எண் கூடவே போகிறது. எந்த எண் எந்த ஊருக்கு என்று பட்டியல் போட்டு விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் கைபேசி இணையத்தில் பல சமயம் ஏராளமானோர் ஒரே பொது எண்ணைப் பகிர்ந்துகொள்கிறார்கள், அந்த எண் ஏதோ ஒரு பெருநகரத்து வாயில் வழியாக வெளியே வருகிறது. பட்டியலைப் பார்க்கும் செயலிக்குச் சாந்திபுரத்து ஆள் ஹைதராபாத்திலோ பெங்களூருவிலோ சென்னையிலோ இருப்பதாகத்தான் தெரியும். கல்லூரிப் பெண்ணுக்குப் பெங்களூரு மழை வந்ததற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

இந்தப் பட்டியல்களின் லட்சணம் 2016-இல் உலகத்துக்கே தெரிந்தது. மேக்ஸ்மைண்ட் என்ற அமெரிக்க நிறுவனம், ‘அமெரிக்காவில் எங்கோ’ என்பதற்குமேல் விவரம் தெரியாத எண்களையெல்லாம் நாட்டின் நடுப்புள்ளி என்று ஓரிடத்தில் போட்டு வைத்திருந்தது. கான்சாஸ் மாநிலத்தில் அந்தப் புள்ளியில் ஒரு பண்ணை வீடு. 60 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் அந்த வீட்டு விலாசத்தில் குவிந்தன. திருட்டு, மோசடி, காணாமல் போனவர் என்று எதற்கெடுத்தாலும் போலீஸ் அந்தக் கதவைத் தட்டியது. விஷயம் வெளியே வந்த பிறகு நிறுவனம் புள்ளியை ஒரு ஏரியின் நடுவே நகர்த்தி வைத்தது. ‘தெரியாது’ என்பதை இயந்திரத்திடம் சொல்ல ஓர் இடம் வைக்காவிட்டால், அது தெரியாததையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக்கிவிடும்.

அடுத்த கேள்வி மொழி. இது சுலபம் என்று தோன்றும். யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துக் குறிமுறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் உண்டு; தமிழுக்கு ஒரு வரிசை, தெலுங்குக்கு ஒரு வரிசை, கன்னடத்துக்கு ஒரு வரிசை. ஒரு வார்த்தைகூடப் புரியாமலே, எண்களைப் பார்த்தே இது எந்த எழுத்து என்று நிரல் சொல்லிவிடும். 2009 வாக்கில், இந்திய எழுத்துகளைக் காட்டவே தெரியாத பட்டன் போன்களில் அவற்றைத் தானே வரைந்து காட்டித்தான் நியூஸ்ஹன்ட் செயலி வாசகர்களைப் பிடித்தது. பின்னாளில் அது டெய்லிஹன்ட் ஆயிற்று. ஆனால் செய்தியின் மொழி தெரிந்தால் போதாது, வாசகரின் மொழி தெரிய வேண்டும். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு எழுத்து கற்று, கைபேசியை ஆங்கிலத்தில் வைத்திருப்பவரை எந்தக் கட்டத்தில் போடுவது? பெரும்பாலான செயலிகள் நிறுவும்போதே ஒரு மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. தெலுங்கு என்று அழுத்தினால் மண்டல அளவுக்கு இறங்கிச் செய்தி தரும் செயலிகள்கூட உண்டு. தமிழ் என்று அழுத்தினால் மாவட்டப் பட்டியல் கும்மிடிப்பூண்டிக்கும் ஓசூருக்கும் வெளியே போகாது.

மூன்றாவதாக, செய்தி எந்த ஊரைப் பற்றியது என்று நிரல் கண்டுபிடிக்க வேண்டும். செய்தியில் வரும் ஊர்ப்பெயரைப் பிடித்து வரைபடத்தோடு பொருத்தும் இந்த வேலையை ஊர்ப்பெயர்த் தெளிவு என்று சொல்லலாம். தமிழ்ச் செய்தியில் ‘குப்பம்’ என்று வந்தால் அது சந்திரபாபு நாயுடுவின் தொகுதியா, கடற்கரையோரத்து மீனவர் குடியிருப்பா? மனிதர் ஒரு வரி படித்ததும் சொல்லிவிடுவார். நிரல் அக்கம்பக்கத்து வார்த்தைகளை எண்ணிப் பார்க்கிறது: வலை, படகு என்றால் கடற்கரை, எம்.எல்.ஏ., மண்டலம் என்றால் ஆந்திரம். மண்டலம் என்ற சொல்லே சென்னை மாநகராட்சிச் செய்திகளிலும் வரும் என்பதை நினைத்தால் வேலையின் கஷ்டம் புரியும்.

இடம், மொழி, ஊர்ப்பெயர் மூன்றும் சரியாக அமைந்தாலும் இன்னொரு கட்டம் இருக்கிறது. பொருந்தும் செய்திகள் நூறு கிடைத்தால் எது மேலே?

இதற்கான பழைய யோசனை செய்திக்காகவே பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1994-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர் ‘குரூப்லென்ஸ்’ என்ற அமைப்பை, அன்றைய யூஸ்நெட் செய்திக் குழுக்களின் வெள்ளத்தில் படிக்கத் தக்கதைப் பொறுக்குவதற்காகச் செய்தார்கள். செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று அது பார்க்காது. இதுவரை உங்களோடு ஒத்துப்போன வாசகர்கள் யார், அவர்களுக்கு இப்போது எது பிடித்திருக்கிறது என்று மட்டும் பார்க்கும். கூட்டு வடிகட்டல் என்று இதற்குப் பெயர். கூகுள் நியூஸை உருவாக்கிய கிருஷ்ண பரத் பெங்களூருக்காரர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஒரே நிகழ்வைப் பற்றிப் பல இதழ்கள் எழுதியதை ஒரே இடத்தில் குவிக்க வேண்டும் என்று தொடங்கி 2002-இல் வெளியிட்டார். 2007-இல் கூகுள் பொறியாளர்கள், அதே தளத்தில் கூட்டு வடிகட்டலைப் புகுத்திய விதத்தை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள்.

அவர்கள் சொன்ன பெரிய தலைவலி, செய்தி ஊசிப்போகிற சரக்கு என்பது. சினிமாவுக்கு வருடக்கணக்கில் பார்வையாளர் சேரலாம். செய்திக்கு ஆயுள் சில மணி நேரம். புதிதாக வந்த செய்தியை இன்னும் யாரும் தொடவில்லை; யாரும் தொடாததால் யாருக்குக் காட்டுவது என்று தெரியவில்லை; காட்டாததால் யாரும் தொடவில்லை. இதைத் தொடக்கத் திணறல் என்று சொல்லலாம். இதிலிருந்து மீள விவசாயிக்குத் தெரிந்த வழிதான் உண்டு. புது ரகத் தக்காளி விதை வந்தால் முழு நிலத்திலும் போட்டுவிட மாட்டார். ஒரு மூலையில் நாலு பாத்தி போட்டுப் பார்ப்பார், மீதியில் போன வருஷம் விளைந்த ரகம். பொறியும் அப்படியே: புதுச் செய்தியைக் கொஞ்சம் பேருக்குக் காட்டிப் பார்க்கும். தொட்டவர் அதிகமென்றால் காட்டுவதைப் பெருக்கும், இல்லையென்றால் விட்டுவிடும்.

சாந்திபுரத்துப் போர்வெல் செய்தி தோற்பது இந்தச் சோதனையில்தான். செய்தி மோசமாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. 10,000 பேருக்குக் காட்டி 400 பேர் தொட்டார்கள் என்றால், உண்மையான ஈர்ப்பு 4 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும் என்று புள்ளியியல் உறுதியாகச் சொல்லும். மூன்றரைக்குக் கீழே போவது அரிது, நாலரையைத் தாண்டுவதும் அரிது. 100 பேருக்குக் காட்டி 4 பேர் தொட்டாலும் அதே 4 சதவீதம்தான். ஆனால் இப்போது உண்மை ஒன்றரை சதவீதமாகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட பத்தாகவும் இருக்கலாம். வந்த நால்வர் தற்செயலாகவும் இருக்கலாம். மண்டலத்தில் அந்தச் செயலி வைத்திருப்பவர்களே சில நூறு பேர் என்றால், பொறி நிச்சயத்துக்கு வருவதற்குள் ஆள் தீர்ந்துவிடும், அல்லது செய்தி பழசாகிவிடும். அதே நேரத்தில் நடிகர் திருமணம் லட்சம் பேரிடம் சோதிக்கப்பட்டு வென்று வந்து நிற்கிறது. பொறிக்கு ஊர்மேல் பகை எதுவும் இல்லை. எண்ணிக்கை போதவில்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலான செயலிகள் தங்கள் நிரலைத் திறந்து காட்டுவதில்லை. ஆனால் நிறுவனப் பொறியாளர்களே கட்டுரைகள் எழுதுகிறார்கள். யூடியூப் தன் பொறி இரண்டு கட்டமாக வேலை செய்வதை 2016-இல் எழுதியது: முதலில் லட்சக்கணக்கான காணொளிகளிலிருந்து சில நூறைச் சலித்து எடுப்பது, பிறகு அவற்றை எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்ற கணிப்பின்படி வரிசைப்படுத்துவது. யாஹூவின் முகப்புப் பக்கத்தில் செய்த சோதனையை 2010-இல் லிஹோங் லீயும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து, வாசகரைப் பற்றிய சூழல் விவரத்தையும் சேர்த்து முடிவெடுத்தால் சொடுக்குகள் 12.5 சதவீதம் கூடுகின்றன என்று காட்டினார்கள். என் கண்ணில் பட்டது அதற்கடுத்த வரி: தரவு குறையக் குறைய, சூழல் விவரத்தால் வரும் லாபம் இன்னும் பெரிதாகிறதாம். அதாவது சின்ன ஊருக்குத்தான் ‘இவர் எந்த ஊர், என்ன மொழி’ என்ற விவரம் அதிகம் தேவை. எல்லையில் இருக்கிற சின்ன ஊருக்கோ அந்த விவரம்தான் குழம்பிக் கிடக்கிறது.

வெளியிலிருந்தும் சோதிக்கலாம். ஆய்வாளர்கள் புதுக் கணக்குகள் தொடங்கி, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, வருவதைக் குறித்துக்கொள்கிறார்கள். வீட்டிலும் செய்து பார்க்கலாம்: இரண்டு கைபேசிகளில் மொழியை மட்டும் மாற்றி வைத்து, ஒரு வாரம் முதல் பத்துத் தலைப்புகளை எழுதி வாருங்கள்.

இந்த இடத்தில் பலரும் ‘வடிகட்டிக் குமிழி’ என்ற அச்சத்தை இழுத்துவருவார்கள். நமக்குப் பிடித்ததையே காட்டிக் காட்டிப் பொறி நம்மை அடைத்துவிடும் என்று 2011-இல் ஈலை பாரிசர் நூல் எழுதினார். ஆனால் ரிச்சர்ட் ஃபிளெச்சரும் ராஸ்மஸ் நீல்சனும் செய்த ஆய்வில், சமூக ஊடகம் பயன்படுத்துபவர்கள் பயன்படுத்தாதவர்களைவிட அதிகமான செய்தி மூலங்களைத் தொட்டிருந்தார்கள். குமிழி அச்சம் கொஞ்சம் ஊதப்பட்டது என்றே நான் நினைக்கிறேன். சாந்திபுரத்துக்காரரின் குறை அடைபட்டது அல்ல. எந்தக் கட்டத்திலும் சேராமல் வெளியே நிற்பது.

மண்டலச் செய்தியாளர் இதற்குள் பாடம் படித்துவிட்டார். எது எத்தனை பேரால் தொடப்பட்டது என்று அலுவலகத் திரையில் நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்குகிறது. அதனால் தலைப்பு ‘அதிர்ச்சி’ என்று தொடங்குகிறது. ஊர்ப்பெயர் மூன்றாம் பத்திக்குப் போகிறது, ஏனென்றால் சின்ன ஊர்ப்பெயரைத் தலைப்பில் பார்த்தால் மற்ற ஊர்க்காரர் தொட மாட்டார். குப்பம் பெரிய செய்தியாவது முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு வரும் நாளில். 1989 முதல் அவருடைய தொகுதி என்பதால் அந்த நாட்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அப்போது செய்தி அவரைப் பற்றியது.

இடைவெளியை நிரப்பியது வாட்ஸ்அப். அங்கே பொறி வரிசைப்படுத்துவதில்லை. வந்த நேரப்படி வரும். உள்ளூர்க் குழுவில் மின்தடை அறிவிப்பும், இழவுச் செய்தியும், பால் விலையும் தவறாமல் கிடைக்கின்றன. மொழிக் கட்டமும் கிடையாது, மாநில எல்லையும் கிடையாது. அதன் மறுபக்கத்தை 2018 மே மாதம் பார்த்தோம். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி ஆந்திரம், வடதமிழகம், கர்நாடகம் மூன்றிலும் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார், பெங்களூருவிலும் ஓர் உயிர் போயிற்று. அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. அனுப்புவது மறையாக்கப்பட்டிருப்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று நிறுவனத்துக்கே தெரியாது. வேகத்தைத்தான் குறைக்க முடிந்தது.

இப்போது புதிதாக ஒரு கதவு திறந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.ஃபார்பாரத் குழு 2023-இல் வெளியிட்ட இன்டிக்டிரான்ஸ்2 என்ற நிரல் அரசியல் சாசன அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் மொழிபெயர்க்கிறது. ஒன்றிய அரசின் பாஷினி திட்டமும் அதே பாதையில். தெலுங்கில் ஏற்கெனவே எழுதப்படும் சாந்திபுரம் மண்டலச் செய்தி, தமிழ் வாசிப்பவரின் கைபேசியில் தமிழில் வரத் தொழில்நுட்பத் தடை அதிகமில்லை. காலியாகக் கிடந்த கட்டம் நிரம்பும். இரண்டு மொழி வாசகர்களையும் சேர்த்து எண்ணினால் சோதனைக்கான ஆள்கணக்கும் கூடும்.

ஆனால் அதற்கும் மூலச்செய்தியில் ஊர் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். அச்சிதழில் செய்தியின் தொடக்கத்தில் ‘சாந்திபுரம், ஜூன் 12’ என்று ஊரும் தேதியும் போடும் வழக்கம் இருந்தது. இணையத்துக்கு வந்தபோது பல இடங்களில் அதை இடவிரயம் என்று எடுத்துவிட்டார்கள். வாசகருக்கு அது வெறும் சம்பிரதாயமாகத் தோன்றியிருக்கலாம். இயந்திரத்துக்குக் கிடைக்கக்கூடிய மிக நம்பகமான இடக்குறிப்பு அதுதான். கிராமம், மண்டலம், மாவட்டம் மூன்றையும் முதல் வரியில் எழுதச் செய்தியாளருக்கு அரை நிமிடம் ஆகும். 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு அந்த மூன்றாவது பெயரைச் சரிபார்த்துப் போட வேண்டும். பழைய பட்டியலை வைத்திருக்கும் நிரல்களுக்குத் திருப்பதி இன்னும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.